அறளை பெயர்ந்தவர்கள் என்று நாம் எழுதிவிட்டவர்களிடம் எங்களை அனுப்புங்கள்

கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் கற்பிக்கின்ற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முதியோர் உளமருத்துவத்துக்கு ஏன் இளையவர்கள் வருவதில்லை என்று உங்களில் பலர் கவலையோடு கேட்கிறீர்கள். வந்த ஒருத்தி நான். என்னை எது இழுத்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

உள்ளகப் பயிற்சியில் ஓர் இரவு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஆச்சியை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுவரோடு கதைத்தார், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். இரண்டு கைகளும் விடாமல் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தன. நோயாளியின் விபரம் எழுதுகிற பெட் ஹெட் டிக்கெட்டில் 'டிமென்ஷியா', அதாவது மூளை மெல்ல மெல்லத் தேய்கிற மறதிநோய், என்று எழுதினேன். "அறளை பேந்திட்டுது பிள்ளை, வயசு போனா அப்பிடித்தான்" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா. அவர் சொன்னதைத்தான் நானும் வேறு மொழியில் எழுதியிருந்தேன்.

காலையில் வந்த, உளமருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியில் இருந்த ரெஜிஸ்ட்ரார் அக்கா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஆச்சியின் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். "போன கிழமை அம்மா எப்பிடி இருந்தவ?" என்று கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டு வந்து மீன் குழம்பும் வைச்சவ, டொக்டர்."

ஒரு கிழமைக்குள் புத்தி இப்படிக் குழம்பினால் முதலில் தேடவேண்டியது டெலிரியத்தை, அதாவது உடம்பில் உள்ள வேறொரு கோளாறாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பத்தை. சலத்தில் கிருமி இருந்தது. அதோடு, தடிமனுக்கென்று வாங்கிக் குடித்த குளோர்பெனிரமின் குளிசை. அசெட்டைல்கோலினைத் தடுக்கும் அந்த வகை மருந்து முதியவர்களின் மூளையை எளிதில் குழப்பிவிடும். குளிசையை நிறுத்தி, கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, என்ர திறப்புக்கோர்வை எங்க?" என்று கேட்டார். அந்தக் கைகள் இரவு முழுக்க இடுப்பில் தேடியது அதைத்தான்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதிரை மனதை விட்டுப் போகவில்லை.

இந்தத் துறையில் சுகமாக்க ஒன்றுமில்லை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அது பிழை. வெள்ளவத்தையில் தனியே இருக்கும் ஐயா ஒருவர், பிள்ளைகள் கனடாவில். "கவலை" என்ற சொல்லே அவர் வாயில் வராது. நெஞ்சு எரியுது, வயிறு போகுதில்லை, நித்திரை இல்லை என்பார். இரண்டு ஸ்கானும் ஒரு எண்டோஸ்கோப்பியும் முடிந்த பிறகுதான் மனச்சோர்வு என்று யாரோ யோசிப்பார்கள். அது மறதிபோலவும் வேடம் போடும். சரியான மருந்து கொடுத்தால், கடுமையாக இருந்தால் மின்னதிர்வுச் சிகிச்சை செய்தால், சாப்பிடாமல் கிடந்தவர் எழும்பிப் பேப்பர் வாசிப்பார். மறதியோடு வருபவரிடம் தைரொயிட்டும் விற்றமின் பி12ம் பார்க்காமல் விட்டால் குற்றம் எங்களுடையது. டிமென்ஷியாவே என்றாலும் கை கட்டி நிற்கவேண்டியதில்லை. நோயாளி கத்துகிறார் என்று மனப்பிறழ்வுக்கான மருந்தைத் தாராளமாக எழுதுவது மரணத்தைக் கூட்டும் என்று 2005லேயே அமெரிக்க மருந்து நிருவாகம் எச்சரித்துவிட்டது. ஆகவே அவர் ஏன் கத்துகிறார், எங்கே நோகிறது என்று தேடத் தெரிந்தவர் வேண்டும். இதயம், சிறுநீரகம், மருந்துகள், மகன் மருமகள் சண்டை, காணி உறுதி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து யோசிக்கிற வேலை இது. எனக்கு இதைவிட நிறைவான மருத்துவம் தெரியாது.

தமிழ்ப் பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். நாற்பது வருடம் கந்தோரில் சிங்களமும் ஆங்கிலமும் கதைத்தவர்களுக்கும், டிமென்ஷியா முற்றும்போது பிறகு படித்த மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் மிஞ்சுவதுண்டு. அப்படியானவரிடம் ஞாபகசக்தியைச் சோதிக்கச் சிங்களத்தில் திகதி கேட்டுப் புள்ளி போட்டால் அந்தப் புள்ளிக்கு என்ன பெறுமதி? ஓர் அம்மாவிடம் "பொங்கல் முடிஞ்சுதா அம்மா?" என்று கேட்டேன். "இனித்தானே, இன்னும் புதுப்பானை வாங்கேல்லை" என்றார். அது மார்கழிக் கடைசி.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். அதற்குப் பிறகு முதியவர்கள் கூடியிருக்கிறார்கள், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவர்கள் வெளியேறியிருக்கிறார்கள். அதோடு, மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறதென்பதால் 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரையே வசவாகச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். "மனநோய் டொக்டரா? கலியாணம் பேசேக்க என்ன சொல்றது?" என்று என் சித்தி உண்மையாகவே அழுதார். அந்தப் பயத்தை விரிவுரையால் போக்க முடியாது.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முதியவரைக் கொடுங்கள். ஆறு மாதம், மாதம் ஒரு தடவை, அதே ஆளை, அவருடைய வீட்டிலும் போய்ப் பார்க்கட்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த செருப்பு, பிரிக்காத மருந்து அட்டைகள், நித்திரையில்லாத மகளின் கண் எல்லாம் வீட்டில்தான் தெரியும். கூடவே ஒரு மூத்தவரும் போகவேண்டும், அவசரமில்லாமல். அந்த ரெஜிஸ்ட்ரார் அக்கா எனக்குக் கொடுத்தது இருபது நிமிடந்தான்.

கிளினிக்கில் இன்னொரு கதிரை போட என்னோடு வேலை செய்பவர்கள் தயாராக இருக்கிறார்கள். அடுத்த தவணைக்கு அட்டவணை எழுதும்போது இரண்டு மாணவர்களின் பெயரையாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உளமருத்துவப் பயிற்சியிலுள்ள ஒரு மருத்துவர்,
கொழும்பு