இரவு ஸ்லாட் யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கான சர்வதேச நாளை ஒட்டி வந்த உங்கள் கட்டுரையில், அறிவியல் படிப்பில் நம் பெண்கள் ஆண்களை முந்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். 2020-21 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்த 57.2 லட்சம் பேரில் 29.5 லட்சம் பேர் பெண்கள். வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அந்த எண்ணைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட இன்னொரு எண்ணும் இருக்கிறது. 2018 ஏப்ரல் நிலவரப்படி, நாட்டில் ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக ஈடுபட்டிருந்தவர்களில் பெண்கள் 16.6 சதவீதம். உலக அளவில் ஆய்வாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். இங்கே ஆறில் ஒருவர். இன்று வகுப்பில் இருப்பவர்களும் அன்று பணியில் இருந்தவர்களும் ஒரே தலைமுறை இல்லை, சரி. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதுதான். நடுவில் எங்கே, எதனால் விட்டுப் போகிறார்கள் என்ற கேள்விக்கு ‘கல்யாணம், குழந்தை’ என்று ஒரே பதிலைச் சொல்லி எல்லோரும் கை கழுவிவிடுகிறோம்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் பிஎச்.டி. சேர்ந்தாள். மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவியில் பகல் நேரமெல்லாம் மூத்த குழுக்களுக்குப் போய்விடும். புதிதாக வருபவர்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் ஸ்லாட். பெண்கள் விடுதியின் கேட்டை ஒன்பதரைக்கே பூட்டிவிடுவார்கள். தாமதமாகத் திரும்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கைடிடம் கையெழுத்து வாங்கி வார்டனிடம் கொடுக்க வேண்டும். ஆண்கள் விடுதியில் இப்படி எதுவும் கிடையாது. கூடச் சேர்ந்த பையன் அதே வாரத்தில் இரண்டு மடங்கு சாம்பிள் ஓட்டிவிடுவான். ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழு, “உன் வேலை மெதுவாகப் போகிறதே” என்று இவளைக் கேட்டது. அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, குழந்தையும் இல்லை. பூட்டிய கேட்டுதான் அவளைத் தாமதப்படுத்தியது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்த கேட்டு வராது.

இப்படிப்பட்டவற்றையும் அளக்க முடியும். அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியலாளர் மீன் தொட்டிகள் வைக்க 200 சதுர அடி கூடுதல் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தன் துறையின் ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளந்தார். தன்னைவிட இளைய ஆண்களுக்குக்கூடத் தன்னைவிட அதிக இடம் இருந்தது தெரிந்தது. மற்றப் பெண் பேராசிரியைகளையும் சேர்த்துக்கொண்டு கேட்டபோது நிர்வாகத்தால் மறுக்க முடியவில்லை. 1999-ல் எம்ஐடி அந்த ஆய்வறிக்கையை வெளியிட்டு, பாகுபாடு இருந்ததை ஒப்புக்கொண்டது. அளந்த எண் கையில் இல்லாமல் போயிருந்தால் அதைப் புலம்பல் என்றே ஒதுக்கியிருப்பார்கள்.

நம் நாட்டில் 2020-ல் ‘கதி’ என்ற திட்டம் முன்னோட்டமாக 30 நிறுவனங்களில் தொடங்கியது. பாலினச் சமத்துவத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் முறை இது. இங்கிலாந்தில் 2005-ல் வந்த ‘ஏதெனா ஸ்வான்’ சாசனத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. நல்ல முயற்சி, மனதார வரவேற்கிறேன். ஆனால் இங்கிலாந்து அனுபவத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் அந்தச் சாசனம் நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. 2011-ல் தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ், அந்தச் சாசனத்தின் கீழ் தரப்படும் வெள்ளி விருது இல்லாத மருத்துவக் கல்லூரிகள் அரசின் சில பெரிய சுகாதார ஆராய்ச்சி நிதிகளை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் விருதுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 2020-ல் நிர்வாகச் சுமையைக் காரணம் காட்டி அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சுமையில் பெரும்பகுதியும் பெண்கள் தலையிலேயே விழுந்தது என்ற புகாரும் அங்கே உண்டு. நிதியோடு முடிச்சுப் போடுவதை நாம் எடுத்துக்கொள்ளலாம். படிவம் நிரப்பும் வேலையைப் பெண் பேராசிரியைகளிடம் தள்ளிவிடுவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2020 இறுதியில் வந்த அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கை வரைவில், தேர்வுக் குழுக்களிலும் மதிப்பீட்டுக் குழுக்களிலும் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று பரிந்துரை இருந்தது. இதற்கெல்லாம் கொள்கை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஓர் இயக்குநர் நினைத்தால் அடுத்த நேர்முகத் தேர்விலேயே செய்துவிடலாம். “வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்? அவரை விட்டுவிட்டு இங்கே வந்து இருப்பீர்களா?” என்ற கேள்வி நேர்முகத் தேர்வுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆண் விண்ணப்பதாரரிடம் அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதுமில்லை.

உங்கள் கட்டுரையில் கலைச்செல்வி அவர்களைப் பற்றி எழுதியிருந்தது மகிழ்ச்சி. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், தமிழ்வழியில் படித்தவர், காரைக்குடி ஆய்வகத்திலிருந்து போய் 2022-ல் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமமான சிஎஸ்ஐஆரின் தலைமை இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஆனால் சிஎஸ்ஐஆர் தொடங்கியது 1942-ல். அந்த 80 ஆண்டுகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த பிப்ரவரியில் சாதனைப் பெண்களின் படங்களோடு ஓர் அட்டவணையும் போடுங்கள். தமிழ்நாட்டில் உள்ள மத்திய ஆய்வகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உங்கள் நிருபர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் போதும். ஐந்து ஆண்டுகளில் பிஎச்.டி. சேர்ந்த பெண்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், தேர்வுக் குழுவில் பெண்கள் எத்தனை பேர், குழந்தைகள் காப்பகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, விடுதி கேட்டு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று கேளுங்கள். கருவி முன்பதிவுப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்; அதில் பெயரும் நேரமும் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
திருச்சி.