திருநெல்வேலி மாவட்டத்தின் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: ஐப்பசியில் ஒரு கணக்குக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்குக் கொஞ்சம் வயல் உண்டு. முப்பது வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கத்தில், பட்ஜெட் வந்தால் அறிவிப்புகளை மட்டும் கேட்டுவிட்டு என்னால் இருக்க முடிவதில்லை. வரவு செலவுப் புத்தகங்களை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்ப்பேன். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, இராதாபுரம், இதில் எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்பதெல்லாம் இந்த மடலுக்கு முக்கியமில்லை. துறைதுறையாகச் செலவுக்குப் பணம் கேட்டு அரசு சபையில் வைக்கும் மானியக் கோரிக்கைகளை நிறைவேற்றுவது நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2024-25இல் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 1,95,173 கோடி ரூபாய் வரும் என்று பட்ஜெட் சொன்னது. வணிக வரி, பத்திரப்பதிவு, ஆயத்தீர்வை, வாகன வரி எல்லாம் சேர்த்துத்தான். 2025 மார்ச்சில் வந்த திருத்த மதிப்பீட்டில் அது 1,92,752 கோடியாக இறங்கியது. சரி, இவ்வளவு பெரிய தொகையில் இரண்டாயிரத்துச் சொச்சம் கோடி குறைவதைப் பெரிய பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே புத்தகம் 2025-26க்கு 2,20,895 கோடி என்று எழுதியது. ஒரே வருஷத்தில் 14.6 சதவீதம் ஏற வேண்டும். முடியாது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஏறுகிறதா இல்லையா என்று பாதி வருஷத்தில் சபையில் நின்று யார் சொல்வது? பட்ஜெட் புத்தகத்தில் 2025-26க்கு முடிந்த கணக்கு ஏறுவது 2027இல்தான். அதற்குள் இரண்டு பிசானம், அதாவது ஐப்பசியில் தொடங்கும் எங்கள் நெல் சாகுபடி, அறுத்து முடித்துவிடுவோம்.

மதிப்பீடு தப்புவது குற்றமில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டும், தாமிரபரணி ஊருக்குள் வரும் என்று எந்தப் பட்ஜெட்டும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. தப்பியது தெரிந்த பிறகும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

வரவு குறைந்தால் எங்கே கை வைப்பார்கள் என்பது கணக்கு எழுதியவனுக்குத் தெரியும். சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கு வட்டி, இந்த மூன்றையும் தொட முடியாது. மானியங்களையும் உதவித்தொகைகளையும் தொட்டால் ஊர் கொதிக்கும். கூடுதலாகக் கடன் வாங்கலாம் என்றால், கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்தத் துண்டான நிதிப் பற்றாக்குறைக்கு மாநில உற்பத்தி மதிப்பில் மூன்று சதவீதம் என்ற வரம்பு நிற்கிறது. 2025-26இல் சொன்ன வரவு அத்தனையும் வந்தால்கூட வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது சம்பளம், வட்டி, மானியம் போன்ற செலவுக்கே வரவு போதாத தொகை, 41,635 கோடி என்று அரசே எழுதியிருக்கிறது. அப்புறம் மிஞ்சுவது கால்வாய், பாலம், தடுப்பணை, பள்ளிக் கட்டடம். நிறுத்தினாலும் சத்தம் போடாத செலவுகள் இவைதான்.

நிற்கிற வேலை எப்படி இருக்கும் என்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக்கான வெள்ளநீர்க் கால்வாய் வேலை 2009இல் தொடங்கியபோது மதிப்பு 369 கோடி. வெள்ளாங்குழியில் தொடங்கி சாத்தான்குளம் பக்கத்து எம்.எல்.தேரி வரை போக வேண்டியது. இடையில் ஒரு வருஷம் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். ஆழமாக வெட்டிப்போட்ட கால்வாய், நடுவில் உடைமரம் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. கரை மண் மழையில் கரைந்து திரும்பவும் உள்ளே சரிந்திருந்தது. ஒரு பெரியவர் ஆடுகளை அதற்குள் இறக்கி மேய்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி வருமாய்யா?" என்று கேட்டேன். "வரும்போது ஆட்டை ஏத்திக்கிடலாம்" என்றார்.

2025 பிப்ரவரியில் அந்தக் கால்வாயைத் திறந்துவைத்தபோது செலவு 1,060 கோடியைத் தொட்டிருந்தது. நிலமெடுப்பு, நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய பாலம், ஆட்சி மாற்றம் என்று தாமதத்துக்குக் காரணங்கள் பல உண்டு. எந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு விடுவித்தார்கள், எவ்வளவு செலவானது என்று ஒரே தாளில் தமிழில் படிக்கிற மாதிரி எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எந்த வருஷம் பணம் நின்றதால் வேலை நின்றது, எந்த வருஷம் வேறு காரணம் என்று பிரித்துச் சொல்லியிருப்போம்.

பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 143 அடியில் எவ்வளவு நிற்கிறது, மணிமுத்தாறில் 118 அடியில் எவ்வளவு, நாளிதழில் தினமும் வருகிறது. அதைப் பார்த்துத்தான் நாற்றுப் பாவுகிறோம், கடைமடைக்காரர் பயிரையே மாற்றுகிறார். மாநிலத்தின் வரவுக்கும் மாதக் கணக்கு இல்லாமல் இல்லை. மாநிலக் கணக்காயர் தொகுக்கிறார், தணிக்கைத் துறையின் இணையதளத்தில் ஏறுகிறது. ஆங்கிலத்தில், வெறும் அட்டவணையாக. அதை வைத்துச் சபையில் ஒரு முழுநாள் விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். செப்டம்பரோடு ஆறு மாதம் முடிகிறது. ஐப்பசியில், நாங்கள் பிசானத்துக்குத் தண்ணீர் கேட்டு நிற்கும் அதே நேரத்தில், நிதியமைச்சர் அரையாண்டு வரவைச் சபையில் வைத்து, சொன்னது எவ்வளவு, வந்தது எவ்வளவு, குறைந்தால் எந்த வேலையைத் தள்ளிவைக்கப் போகிறோம் என்று பெயர் சொல்லிச் சொல்லட்டும். வருஷத்தின் நடுவில் கூடுதல் செலவுக்கு அனுமதி கேட்கும் துணை மதிப்பீடுகள் வரும்போது அவசரமாகக் குரல் வாக்கெடுப்பில் விட்டுவிடாதீர்கள், நம் மாவட்டத்து வேலைகள் அதில் எங்கே என்று எழுந்து கேளுங்கள். பதிலை மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்விகளைத் தயார் செய்ய ஆள் வேண்டுமென்றால், என்னைப் போல் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற நாலைந்து பேர் சேரன்மகாதேவியிலும் அம்பையிலும் இருக்கிறோம். புத்தகங்களோடு வருகிறோம். நாளும் நேரமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவன்