நம் சங்கத்துக் கணினியில் யார் எதைப் பார்க்கலாம்? நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், இயக்குநர்கள், செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கணினி வேலையைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அலுவலகக் குறிப்பாக ஏற்கெனவே வைத்த விஷயம்தான். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றே திரும்பி வருவதால், உறுப்பினர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். இது அவர்களுடைய விவரம்.

சம்பளம், சேமிப்பு, கடன், தவணை பாக்கி, ஜாமீன்தாரர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம் எல்லாமே ஆக்சஸ் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருளில் அமைத்த ஒரே கோப்பில் இருக்கின்றன. காசாளர், கடன் பிரிவு, சேமிப்புப் பிரிவு, தற்காலிகமாகத் தட்டச்சுக்கு வருபவர் என எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். எவரும் எதையும் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்.

இதன் விளைவு அன்றாடம் கண்முன் நடக்கிறது. ஒருவர் ஜாமீன் கேட்டு வந்தால், கையெழுத்துப் போடுமுன் நம் அலுவலகத்தில் தெரிந்தவருக்கு ஒரு போன் வரும். "அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு கடன் இருக்கு, பிடித்தம் ஒழுங்கா போகுதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." உடனே பதில் போய்விடும். கேட்பவரின் கவலை நியாயமானதுதான். ஜாமீன் போட்டுவிட்டு அடுத்தவர் கடனைத் தன் சம்பளத்தில் கட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு முறை வேண்டும். கடன் கேட்பவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால், கடன் பிரிவே அவரது நிலுவையை ஜாமீன்தாரருக்குக் காட்டலாம். இப்போது நடப்பதோ வேறு. மகள் கல்யாணத்துக்கும் மனைவியின் ஆபரேஷனுக்கும் வாங்கிய கடன் மறுநாளே கேன்டீனில் பேச்சாகிறது. வாரிசு நியமனம் இன்னும் பொல்லாதது. மனைவி பெயரைக் கொடுக்காமல் தாயார் பெயரைக் கொடுத்திருந்த ஓர் உறுப்பினரின் வீட்டில், இங்கிருந்து போன பேச்சால் பெரிய சண்டையே நடந்தது. யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியவும் வழியில்லை, எல்லாரும் ஒரே பெயரில்தானே உள்ளே போகிறார்கள்.

தேவையில்லாத பட்டன்களை மறைத்துவிட்டால் போதாதா என்று குழுவில் கேட்டீர்கள். போதாது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கோப்பைத் திறந்தால், நாம் அமைத்த முகப்புத் திரையைத் தாண்டி அட்டவணைகளுக்கே நேராகப் போய்விடலாம். அந்த வழியை அடைத்தாலும், கடவுச்சொல் தெரிந்தவர் வேறொரு காலி ஆக்சஸ் கோப்பைத் திறந்து, அதற்குள் நம் அட்டவணைகளை இழுத்துக்கொள்ளலாம். ஆக்சஸின் பழைய கோப்பு வடிவமான எம்டிபியில் ஆளுக்கொரு பெயர், தனித்தனி அனுமதி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 2007-இல் வந்த புதிய வடிவமான ஏசிசிடிபியில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. இதற்கெல்லாம் மேலே இன்னொன்று: கோப்பைத் திறக்கும்போது ஆக்சஸ் அதே ஃபோல்டரில், யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும். ஆகவே வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை கொடுத்தாக வேண்டும். அப்படியானால் மொத்தக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போவதை நான் எந்தத் திரையை மறைத்தும் தடுக்க முடியாது.

செய்ய வேண்டியது, தரவைக் கோப்பிலிருந்து எடுத்து ஒரு சர்வரில் வைப்பது. சர்வரில் தரவை நிர்வகிக்கும் மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் இலவசம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பும் இலவசம். ஆக்சஸ் கோப்புக்கு உள்ள 2 ஜிபி அளவு வரம்பு இவற்றில் கிடையாது. இன்றைய ஆக்சஸ் திரைகளையே சர்வரோடு இணைத்துக்கொள்ளலாம் என்பதால், ஊழியர்கள் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அடியில் நிலைமை மாறிவிடும். பார்க்க, சேர்க்க, திருத்த, நீக்க என்று நான்கு உரிமைகளையும் பணி வாரியாகப் பிரித்துக் கொடுக்கலாம். காசாளருக்கு உறுப்பினர் எண், பெயர், அன்றைய தவணை மட்டும் தெரிந்தால் போதும், ஆதார் எதற்கு? ரசீதை அவர் பதியலாம். பதிந்ததை அழிக்க முடியாது. தவறானால் அதை நேர்செய்யும் எதிர்ப்பதிவை அவர் போட, செயலாளர் ஒப்புதல் தர வேண்டும். யார், எப்போது, எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்பது தனி அட்டவணையில் தானாகவே ஏறும்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம், ஒருத்தரை ஒருத்தர் நம்பாம எப்படி?" என்று மூத்த ஊழியர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் பணப்பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் என்று வைத்திருக்கிறோமே, அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. தணிக்கையில் ஒரு தொகை இடித்தால், இன்றைய ஏற்பாட்டில் எல்லார் மீதும் சந்தேகம் விழும். ஒருவர்கூடத் தன்மேல் தவறில்லை என்று நிரூபிக்க முடியாது. அவரவர் பெயரில் பதிவு இருந்தால் நேர்மையானவருக்குத்தான் முதலில் பாதுகாப்பு.

யாராவது விடுப்பில் போனால் வேலை நின்றுவிடாதா என்பது சரியான கேள்வி. மாற்று ஆளுக்கு அந்த நாள்களுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்து, முடிந்ததும் எடுத்துவிடலாம். கடவுச்சொல்லைக் கடன் கொடுக்கும் பழக்கம்தான் போக வேண்டும். ஓய்வு பெறுபவர், மாற்றலாகிப் போகிறவர் கணக்கை அன்றைக்கே மூட வேண்டும்.

சட்டமும் இதையே கேட்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது; விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவை யார் அணுகலாம் என்ற கட்டுப்பாடும், அணுகியதற்கான பதிவுகளும் வேண்டும், அந்தப் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன அவை. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகளின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அதற்குள் நம் வீட்டை ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எனக்கும் வேண்டும். இன்று நான் நினைத்தால் எவருடைய கடன் நிலுவையையும் மாற்றலாம், தடயமே இருக்காது. மாற்றப் பதிவுகளின் ஒரு நகல் என் கைக்கு எட்டாத இடத்தில், செயலாளர் பொறுப்பில் இருக்க வேண்டும். பேக்கப் பிரதிகளும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

சர்வரை நிறுவும் வேலையை நான் செய்வேன். ஆனால் யாருக்கு எந்த விவரம் தேவை என்று தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அது உங்கள் வேலை. பணி வாரியாக ஒரு வரைவுப் பட்டியல் தயாராக இருக்கிறது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்த்து, பட்டியலை வரி வரியாகப் படித்துத் திருத்தி, தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள். தற்காலிக ஊழியர்களுக்கு ஆதார், வாரிசு நியமன விவரங்கள் தெரியக்கூடாது என்ற ஒரே முடிவையாவது அந்தக் கூட்டத்திலேயே எடுங்கள். அதை முதலில் செய்துவிட்டு, மற்றதைத் தொடர்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் கணினிப் பிரிவு ஊழியன்