இல்லை என்றாவது சொல்லித் தொலையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும், என்ன நிறத்தில் சட்டை போட வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்களுக்கும் யாராவது ஒரு வகுப்பு எடுத்தால் தேவலை.

விண்ணப்பத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ரெஸ்யூமேவை அப்லோட் செய்த மறு நிமிடம், அதில் உள்ள அதே படிப்பு, அதே வேலை, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக மறுபடி டைப் செய்யச் சொல்கிறது. இப்போது வாங்கும் சம்பளம் என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு, நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அவர்கள் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டால் மட்டும் "தகுதிக்கேற்ற ஊதியம்". நியூயார்க் நகரத்தில் 2022 முதல் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாசசூசெட்ஸில் 2018 முதல், வேலை தருவதாக உறுதி சொல்லும் முன் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. அங்கெல்லாம் கம்பெனிகள் ஒன்றும் மூடிக்கொண்டு போய்விடவில்லை.

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம். வீடியோவில் வருகிறவர் தன் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு, நம்மைப் பேசச் சொல்லிவிட்டு, அப்போதுதான் ரெஸ்யூமேவைத் திறந்து படிக்கிறார் (மவுஸ் சத்தம் நன்றாகவே கேட்கிறது). அடுத்த ரவுண்டில் வேறொருவர், அதே "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்". விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற மாதிரிக் கேள்விகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கேட்கிறவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பு வருவதுதான் மிச்சம் என்று கூகுளில் ஆள் எடுக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே 2013-ல் சொல்லிவிட்டார். இன்னும் சிலர் விடுவதாயில்லை. அப்புறம் "ஒரு சின்ன டாஸ்க்" என்று அனுப்புவார்கள். சனி, ஞாயிறு இரண்டும் அதிலேயே போய்விடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு வரும் மௌனம்தான். கடைசி ரவுண்டில் "எப்போது ஜாயின் பண்ண முடியும், நோட்டீஸ் பீரியடைக் குறைக்க முடியுமா" என்றெல்லாம் கேட்டு நம்பிக்கை ஊட்டிவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். அவ்வளவுதான். மெயிலுக்குப் பதில் இருக்காது, போன் எடுக்க மாட்டார்கள். காலையில் கூப்பிட்டால் மாலைக்குள் ஆவணம் வேண்டும் என்று விரட்டிய அதே எச்.ஆர். மெசேஜைப் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் மட்டும் காட்டும். அந்த இடம் கிடைத்துவிடும் என்று நம்பி வேறு இடத்தில் வந்த ஆஃபரைத் தள்ளிப்போட்டு, இரண்டும் கைவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, எல்லோருக்கும் எப்படிப் பதில் போடுவது என்பார்கள். எல்லோருக்கும் யார் கேட்டது? நேரில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிய அந்த நாலைந்து பேருக்குப் போடுங்கள். விண்ணப்பித்த நொடியில் "நன்றி" என்று தானாக மெயில் அனுப்பும் மென்பொருளுக்கு "இல்லை" என்று ஒரு வரி அனுப்புவதில் என்ன சிரமம்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், விளம்பரம் செய்து ஆள் எடுக்கும்போது, இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு, கடைசி இன்டர்வியூ முடிந்து 45 நாளுக்குள், முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்பதையாவது சொல்லியாக வேண்டும். அந்த வேலை நிஜமாகவே காலியாக இருக்கிறதா என்பதையும் விளம்பரத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டம் போட்டுத்தான் இதைச் செய்ய வைக்க வேண்டியிருக்கிறது என்பதே கொஞ்சம் கேவலம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, முடிவை எந்தத் தேதிக்குள் சொல்வார்கள். இரண்டையும் தரும் விளம்பரங்களைப் பக்கத்தின் மேலே போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு வாசகர்