அண்ணனைப் படுக்க வைக்காதே

கமலா,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே அண்ணி விடுவதில்லை என்று எழுதியிருந்தாயே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

எனக்கு மார்பில் கட்டி வந்தபோது இங்கேயும் இதே கதைதான். தண்ணீரைக்கூட கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள், நானும் மகாராணி மாதிரி படுத்தே கிடந்தேன். மூன்றாவது கீமோ முடிந்தபோது வாசலிலிருந்து மாரியம்மன் கோயில் வரை நடக்க இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. விடியுமுன் எழுந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவளடி நான்!

அந்தச் சிவப்பு மருந்து இருக்கிறதே, டாக்சோரூபிசின், அண்ணனுக்கும் அதைத்தான் ஏற்றுவார்கள் என்று நினைக்கிறேன், கேட்டுக்கொள். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வை. ஆனால் அது இதயத் தசையையும் பதம் பார்க்கும். மொத்தம் ஏறிய அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும், அதனால்தான் ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று கணக்கு வைக்கிறார்கள். எனக்கு இதை ஆரம்பத்தில் யாருமே சொல்லவில்லை. பாதி மருந்து ஏறிய பிறகு, எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு மிஸ்ஸி, அதான் நர்ஸ், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம், இரண்டு நாள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகத்துக்கு அதுதான் அளவு. முதல் வாரம் ஐந்து நிமிடம்தான். செம்பனை லாரி போகும் மண்சாலையில் விளக்குக் கம்பங்களை எண்ணி எண்ணி, ஒவ்வொரு நடைக்கும் ஒரு கம்பம் கூட்டினேன். நடந்தால் இதயத்துக்கு ஒன்றுமே ஆகாது என்று டாக்டர் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. சும்மா கிடந்தால் இறங்கிப்போகும் மூச்சையும் தெம்பையும் பிடித்து நிறுத்தும் என்றார், எக்கோவை விடாமல் எடுக்கச் சொன்னார். இப்போது கோயிலைத் தாண்டிப் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகை வரை போய்வருகிறேன்.

காய்ச்சல் அடித்தாலோ ரத்த அணுக்கள் ரொம்ப இறங்கியிருந்தாலோ அன்றைக்கு நடை கிடையாது. நெஞ்சு வலி, மயக்கம், கால் வீக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. புகைமூட்டம் வந்தால் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

அண்ணனுக்கு எக்கோ எடுத்தார்களா, என்ன கணக்கு வந்தது? அதை முதலில் எழுது. அண்ணியிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன், நம்பரை அனுப்பு.

உன்
ராஜம்