மெத்தைக்கு அடியில் விரிக்க வேண்டியவை பூட்டிய அறையில் கிடக்கின்றன

மதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். மெத்தைக்கு அடியில் விரித்து, நோயாளியின் இதயத் துடிப்பையும் மூச்சையும் கணக்கிடும் சென்சார் விரிப்புகள் வந்து நான்கு மாதங்களாகியும், பொருத்த ஆள் வரவில்லை என்ற காரணத்தால் அவை அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் ஸ்டோர் ரூமில் கிடப்பது தாங்கள் அறியாததல்ல. அவற்றை முதியோர் வார்டில் விரிக்கச் சொல்லுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

சென்ற மாதம் இதயச் செயலிழப்புக்காக அங்கே சேர்க்கப்பட்ட என் அம்மாவுக்கு வயது 81. தோல் வெங்காயச் சருகு போன்றது. மார்பில் ஒட்டிய ஈசிஜி ஸ்டிக்கரை மாற்றியபோது அதனுடன் தோலும் உரிந்து வந்தது. மறதி நோய் உள்ளவர் என்பதால், மேலே ஏதோ ஊர்கிறது என்று ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் இரவு நான் மருந்து வாங்கித் திரும்பியபோது, அவருடைய இரு மணிக்கட்டுகளும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு பிணைக்கப்பட்டிருந்தன. "வேற வழி இல்லைங்க" என்ற செவிலியரை நான் குறை சொல்லமாட்டேன். வார்டு முழுவதற்கும் அன்றிரவு அவர் ஒருவர்தான். வழி இருந்தது ஐயா, கீழ்த்தளத்தில், பூட்டுப் போட்ட அறைக்குள்.

இதயம் ரத்தத்தை உந்தும் ஒவ்வொரு முறையும் உடல் மிக நுட்பமாக அதிர்கிறது. தொங்கும் படுக்கையில் ஆளைக் கிடத்தி அந்த அதிர்வை அமெரிக்க மருத்துவர் ஐசக் ஸ்டார் 1939-லேயே பதிவுசெய்து காட்டினார். அதே அதிர்வை மெத்தைக்கு அடியிலிருந்து உணரும் இவ்விரிப்பு ஈசிஜி வரைபடம் தராது, நோயாளி புரண்டால் கணக்குத் தடுமாறும் என்பதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒயர்களை எடுத்துவிடச் சொல்லவில்லை.

மூச்சின் வேகம் கூடுவது நிலைமை மோசமாவதன் ஆரம்ப அறிகுறி என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் கேஸ் ஷீட்டிலோ ஐந்து நாளும், எல்லா வேளையும், மூச்சு நிமிடத்துக்கு 20 என்றே எழுதியிருந்தது. உறங்கியபோதும் 20, திணறி எழுந்து உட்கார்ந்தபோதும் 20. இவ்வளவு ஒழுங்காக மூச்சுவிடும் நோயாளிகள் வேறெந்த மருத்துவமனைக்கும் வாய்த்திருக்கமாட்டார்கள். விரிப்புகளைப் பெற்றுக்கொண்ட விழாவின் புகைப்படம் மட்டும் வரவேற்பறையில் குறையின்றி மாட்டப்பட்டிருக்கிறது.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். மறுபடியும் சேர்க்க நேரலாம் என்று சொல்லித்தான் அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் அந்தப் பெட்டிகளைப் பிரித்து, முதியோர் வார்டின் கட்டில்களிலாவது விரிப்புகளைப் பொருத்த ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகன்