மீனோடு போகும் கணக்கு: திருகோணமலைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருக்கடலூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா முப்பது வருடம் கடலுக்குப் போனவர். நான் பன்னிரண்டு வருடமாக நீர்கொழும்புப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவண வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு மீன் வருவதில்லை, மீனின் கணக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்கைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று கன நாளாக நினைத்திருந்தேன்.

நம் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை இறங்கும் ஒரு கெலவல்லாவை, அதாவது மஞ்சள் துடுப்புச் சூரை மீனை, எடுத்துக்கொள்வோம். படகு மூன்று கிழமை ஆழ்கடலில் கிடந்து வந்திருக்கும். மீனை நிறுத்து, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றி அனுப்புகிறோம். நம்மைப் பொறுத்தவரை அத்தோடு வேலை முடிந்தது. ஆனால் லொறி ஹபரணை தாண்டுவதற்குள் அந்த மீனின் விவரம் ஐரோப்பாவில் ஒரு கொள்வனவாளரின் கணினித் திரைக்குப் போய்விடுகிறது: எந்தப் படகு, எந்தக் கடற்பரப்பு, என்றைக்குப் பிடிபட்டது, எத்தனை கிலோ, இறக்கும்போது உடல் எவ்வளவு குளிராக இருந்தது. அவர் மீனைக் கண்ணால் காணாமலே விலை சொல்கிறார். அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானத்தில் இடம் பதிவாகிறது. காசும் வங்கிகளுக்கிடையில் ஒரு மின்செய்தியாகத்தான் வருகிறது.

உலகமயமாக்கல் என்று பெரிய சொல்லால் சொல்வது நம் கரையில் இப்படித்தான் நடக்கிறது. முன்பு மீன் முதலில் போகும், சேதி பின்னால் போகும். இப்போது சேதி முந்திவிடுகிறது. விவரம் சுத்தமாக இருந்தால் மீனுக்கு நல்ல விலை. விவரத்தில் ஓட்டை இருந்தால் எவ்வளவு நல்ல மீனும் உள்ளூர்ச் சந்தைக்குத்தான் திரும்ப வேண்டும்.

2015ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. நம் மீன் பழுதாகிப் போகவில்லை. ஆழ்கடலில் நம் படகுகள் எங்கே நிற்கின்றன, எதைப் பிடிக்கின்றன என்று நாட்டால் ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. அதுதான் குற்றச்சாட்டு. 2016இல்தான் தடை நீங்கியது. பல நாள் படகுகளில் செய்மதியோடு பேசும் கண்காணிப்புக் கருவி வந்ததும், அன்றன்றைய பிடிப்பைக் கடலிலேயே எழுதும் பதிவுப் புத்தகம் கண்டிப்பானதும் இந்தக் கதையின் பகுதிதான். படகின் இருப்பிடம் கொழும்பில் கடற்றொழில் திணைக்களத்தின் கண்காணிப்பு நிலையத்துக்குப் போகிறது. பதிவுப் புத்தகத்தில் எழுதியதும் செய்மதி சொல்வதும் ஒத்துப்போனால்தான், மீன் சட்டப்படி பிடிபட்டது என்று சொல்லும் பிடிப்புச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லாமல் ஒரு பெட்டிகூட ஐரோப்பாவுக்குள் நுழையாது. 2026 ஜனவரி 10 முதல் அங்குள்ள இறக்குமதியாளர்கள் அந்தச் சான்றிதழ்களையும் ஒரே கணினி முறையில்தான் கையாள வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இனிக் கையெழுத்தில் ஒரு திகதி பிசகினாலும் அது அங்கே தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் கரையிலிருந்து வந்த ஒரு படகின் பதிவுப் புத்தகத்தில் இரண்டு நாள் பிடிப்பு ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. கடல் கொந்தளித்த நாளாக இருக்கலாம், பேனை பிடித்த பையன் களைத்துப் போயிருக்கலாம். சான்றிதழ் நின்றது. மீன் குளிர் அறையில் காத்திருந்து தரம் இறங்கியது. நட்டத்தை நிறுவனம் சுமக்கவில்லை, படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசில் கழித்தார்கள். அந்தக் கழிவுத் துண்டை அச்சிட்டவள் நான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கருவியும் புத்தகமும் நமக்கு ஏன் பொலிஸ் மாதிரித் தெரிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். நாம் எழுதுகிறோம், கொழும்பு வைத்துக்கொள்கிறது. நாம் நிறுக்கிறோம், வியாபாரி தன் கணக்கில் ஏற்றிக்கொள்கிறார். நம் படகு ஒரு வருடத்தில் எத்தனை கிலோ இறக்கியது, எந்தத் தரத்தில், என்ன விலைக்கு என்று கேட்டால் நம் சங்கம் எதிலும் பதில் இல்லை. எங்கள் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் உங்கள் படகின் ஆறு வருட வரலாறு எனக்கு வரும், உங்களுக்கு வராது. நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே இதுதான்.

கேரளத்தில் நடந்த ஒன்று பொருளியல் படிப்பவர்களிடம் பிரபலம். 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே வடக்குக் கரையோரம் கைபேசிக் கோபுரங்கள் எழும்பின. அதற்கு முன் ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் சாளையைக் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு துறையில் ஆட்கள் மீனில்லாமல் திரும்பிப் போவார்கள். போன் வந்ததும் படகுக்காரர்கள் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தெரிவு செய்தார்கள். ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவர்களின் இலாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது.

சரி, நம் எல்லோர் கையிலும் இப்போது போன் இருக்கிறதே, நமக்கு ஏன் அப்படி நடக்கவில்லை? அப்பாவின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். “கொழும்பில விலை விழுந்திட்டுது” என்று வியாபாரி சொல்வார். நான் மத்திய வங்கி தினமும் வெளியிடும் விலை அறிக்கையைத் திறந்து, கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தையின் விலையைப் பார்த்துச் சொல்வேன். விழுந்திருக்காது. அப்பா பேசாமல் இருப்பார். ஏனென்றால் என்ஜின் பழுது பார்க்க முற்பணம் தந்தவர் அதே வியாபாரிதான். முற்பணம் வாங்கியவனுக்கு விலை தெரிந்தும் வேறு கரை இல்லை. கேரளப் படகுக்காரர்களுக்குப் போன் உதவியதென்றால், எங்கே விற்பது என்ற சுதந்திரம் அவர்கள் கையில் இருந்தது. தனி ஆளின் போனால் நம் கரையில் அதிகம் மாறாது. அதனால்தான் சங்கங்களைக் கேட்கிறேன்.

வங்கிக்குப் போனால் முதல் கேள்வி வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்பதுதான். நம்மிடம் ஆதாரம் இல்லை, ஆகவே வியாபாரியிடம் போகிறோம். மூன்று வருடம் ஒழுங்காகப் பதிந்த இறக்கக் கணக்கு ஒரு சங்கத்திடம் இருந்தால் அந்தப் பேச்சே மாறும். அதே கணக்கை வைத்துக்கொண்டு ஏற்றுமதியாளர் இரண்டு மூன்று பேரிடம் கூட்டாக விலை கேட்கலாம். என் மேசைக்கு வரும் கேள்விகளில் பாதி, பதிவு ஒழுங்கான படகுகள் எவை என்பதுதான். அப்படிப்பட்ட படகுகளுக்குக் கூடுதலாகக் கொடுக்க நிறுவனங்கள் தயார். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

2022 நினைவிருக்கிறதா? வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மீன் டொலருக்குத்தான் விற்றது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. சின்ன வள்ளக்காரர்கள் கரையில் ஏற்றி வைத்துவிட்டு இருந்தார்கள். டொலரில் வந்த கூடுதல் காசில் நமக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று கேட்க ஒரு சங்கத்திடமாவது எழுத்தில் கணக்கு இருந்ததா? நாம் வாயால் பேசினோம், ஏற்றுமதி நிறுவனங்கள் கணினியைக் காட்டின.

மூத்தவர்களின் பயம் எனக்குத் தெரியும். மீன் படும் இடத்தை எழுதிவைத்தால் எல்லோரும் அங்கே வந்துவிடுவார்கள், வரிக்காரன் வருவான் என்று. முதலாவது பயம் நியாயமானது. ஒரு மனிதன் நாற்பது வருடம் அலைந்து கண்டுபிடித்த இடம் அவனுடைய சொத்து. ஆனால் பல நாள் படகுகளின் இடம் ஏற்கெனவே செய்மதிக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது நமக்கு மட்டும்தான். சங்கம் வைத்திருக்கும் கணக்கில் இடம் வேண்டாம். படகு, திகதி, கிலோ, ஐஸ் போட்ட நேரம், விற்ற விலை, வாங்கியவர். இவ்வளவு போதும். வரியைப் பற்றிச் சொன்னால், பதியாமல் இருந்து நாம் மிச்சம் பிடித்ததைவிட இழந்தது அதிகம் என்றுதான் பன்னிரண்டு வருடமாக என் கண்ணுக்குத் தெரிகிறது.

பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். சாதாரணப் போனில் ஒரு அட்டவணை, ஒவ்வொரு ஏலத் துண்டுக்கும் ஒரு படம். கொட்பேயில், குச்சவெளியில், கிண்ணியாவில், மூதூரில் உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! தமிழ், முஸ்லிம், சிங்களப் படகு எதுவானாலும் துறையில் ஒரே தராசுதான், கணக்கும் ஒன்றாக இருக்கலாம். காலை ஐந்து மணிக்கு ஏலம் தொடங்குமுன் முந்தின நாள் பேலியகொடை விலையை ஒரு பலகையில் எழுதி வையுங்கள். மத்திய வங்கியின் விலை அறிக்கையில் மீனுக்குப் பேலியகொடையும் நீர்கொழும்பும்தான் இருக்கின்றன. நம் துறையின் விலையை நாமே எழுதத் தொடங்கினால்தான், திருகோணமலையையும் சேருங்கள் என்று கேட்க நமக்கு வாய் வரும். கூடவே ஒவ்வொரு படகுக்காரரும் தன் படகின் கண்காணிப்புப் பதிவின் பிரதியைத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனத்துக்காக நான் கேட்டுப் பெறும் விவரத்தை, கடலில் கிடந்தவர் கேட்கக்கூடாது என்பதில் ஒரு நியாயமும் இல்லை.

வாடைக்காற்றில் கடல் மூடும் நாட்களில் நான் லீவு போட்டு ஊருக்கு வருகிறேன். கார்த்திகையில் இரண்டு கிழமை இருப்பேன். எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் வருவேன், காசு வேண்டாம். சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் மின்சாரமும் இருந்தால் போதும். அதுவரைக்கும் ஒரேயொரு வேலை: இந்தப் பருவத்தின் ஏலத் துண்டுகளை எறிந்துவிடாமல், படகு வாரியாக ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
திருக்கடலூர் வள்ளக்காரர் ஒருவரின் மகள்